பிறத்தியார் மரத்தில் உறங்கியவர்கள்

முதலில் தார் வந்தது. வேங்கைப்பதியைச் சுற்றியிருந்த மரங்களுக்கெல்லாம் தார் பூசி, தாரின் மேல் வெள்ளையால் எண் எழுதினார்கள். மரத்துக்கு எதற்கு எண் என்று கேட்டவர்களிடம் உங்கள் நன்மைக்குத்தான் என்றார்கள். இரண்டாவதாகத் தீயை எடுத்துக்கொண்டார்கள்; மாசியில் சருகைக் கொளுத்தினால் சித்திரையில் புல் துளிர்க்கும் என்று தெரிந்து வைத்திருந்த ஜனங்களின் மடியில் தீப்பெட்டி இருந்தால் வழக்கு என்றார்கள். மூன்றாவதாகத் தேனை ஏலம் விட்டார்கள். பாறையில் தொங்கி அடை அறுத்தவன் தன் விரலை நக்கியதற்கும் ஏலக்காரனிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான்காவதாக நாய்களைப் பிடித்தார்கள்; நாய் குரைத்தால் மானுக்கு மனசு நோகும் என்றார்கள். ஐந்தாவதாக உறக்கத்தைத் தடுத்தார்கள். பகலில் காட்டுக்குள் வந்து போகலாம், இரவில் படுத்தால் அத்துமீறல் என்று பலகை நட்டார்கள், பலகையைப் படிக்கத் தெரியாமல் பரண் மேல் உறங்கிய மாசாணியின் அப்பன் மூன்று மாதம் சிறைக்குள் உறங்கிவிட்டு வந்தான். ஆறாவதாக லாரி வந்தது. பதியின் குடும்பங்களைச் சட்டி பானையோடு ஏற்றி, கீழே நெடுஞ்சாலை ஓரத்தில், புதுவாழ்வு நகர் என்று எழுதிய வளைவுக்கு உள்ளே கொட்டிவிட்டுப் போனது. ஏழாவதாக, அதே காட்டில், அதே மரங்களின் மேல், இரவில் படுத்து உறங்குவதற்கு ஊர் ஊராக விளம்பரம் செய்து ஆள் கூப்பிட்டார்கள்.

இந்த வரிசையை மாசாணி சொல்லும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. தேனுக்கு முன்னால் நாயை யாராவது இழுத்துவிட்டால் அவள் நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி தாரிலிருந்து தொடங்குவாள். அநியாயத்துக்கு ஒரு வரிசை உண்டு, வரிசை தெரியாதவன் கடைசி அடியை மட்டும் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவான் என்பது அவள் கட்சி. அவள் எழுத்துப் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, துண்டறிக்கையில்; தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்த வயதில் ஒரு சங்கத்துக்காரர் கையில் திணித்த சிவப்புத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்ததால், ஊரில் எல்லாருக்கும் முதலில் தெரிந்த எழுத்து 'அ' என்றால் அவளுக்கு முதலில் தெரிந்தது 'தோ'. தோழர்களே. அந்தச் சங்கம் இரண்டாக உடைந்தது, உடைந்த பாதி மூன்றாக உடைந்தது, ஒவ்வொரு உடைப்பிலும் சரியான பக்கத்திலேயே நின்று நின்று, கடைசியில் பார்த்தால் சரியான பக்கத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர், கொடி பிடிக்கிற ஆள், எல்லாம் அவளே.

ஏழாவது அநியாயத்துக்கு ஆரண்யக் கூடு என்று பெயர். வேங்கை, நாவல், இலவம், மருது என்று தார் எண் இன்னும் அழியாத மரங்களின் உச்சியில் தேக்குப் பலகையால் தளம் போட்டு, தளத்தின் மேல் கூரையில்லாமல் நான்கு பேர் படுக்கும் கட்டில் போட்டு, கொசுவலை கட்டி, குளிப்பதற்குப் பீங்கான் தொட்டி வைத்து, காபி வடிக்கிற இயந்திரத்தையும் மரத்திலேயே ஏற்றியிருந்தார்கள். நகரத்துக்காரர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே உறங்கி, விடிந்ததும் திறந்த ஜீப்பில் ஏறிச் சிறுத்தை பார்க்கப் போவார்கள். உரிமையாளர் கிரிதருக்கு உயரம் ஆகாது. அவர் மட்டும் கீழே ஏசி போட்ட குடிலில் படுப்பார். 'வானத்தின் கீழே உறங்குங்கள், மனிதனாகுங்கள்' என்று வாசலில் எழுதியிருந்தது. துறை அதற்கு அனுமதி கொடுத்திருந்தது. துறை என்றால் எந்தத் துறை என்று காட்டில் யாரும் கேட்பதில்லை. மழை என்றால் எந்த மழை என்று கேட்பதில்லை அல்லவா, அதைப் போல.

மார்கழிப் பனி விழுந்த ஒரு காலையில், வேங்கை மரத்தில் படுத்த ஈரோட்டுப் பல் டாக்டர் ஒருவர், படிக்கட்டு இருப்பதை மறந்து, அடிமரத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி இறங்கினார். செருப்புப் போடாமல், பட்டு இரவு உடையோடு, ஒற்றையடிப் பாதையாக நடந்து புதுவாழ்வு நகரின் தண்ணீர்க் குழாய்க்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எவன்டா ஊரைத் தூக்கி இங்க கொண்டாந்து வெச்சவன்?" என்றார், பதிப் பேச்சில், லாரி வருவதற்கு முன்பே பேசிய பழம்பேச்சில்.

குழாயடியில் யார் கையிலிருந்தும் குடம் விழவில்லை. மாசாணிக்குப் பக்கத்து வீட்டுக்காரியான பாப்பி மட்டும் தலையைச் சாய்த்து, அவர் நிற்கிற நிலையையும், இடது காதைச் சொரிகிற விதத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "தொரயன் மாமனா? வாங்க. களி இருக்குது, சாப்பிட்டுட்டுப் பேசுவீங்களாம்" என்றாள். தொரயன் மாமன் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மாமன் இரண்டு உருண்டை சாப்பிட்டார், கீரையில் உப்பு இல்லை என்றார், அதிலிருந்து அது தொரயன் மாமன்தான் என்று மற்றவர்களுக்கும் உறுதியாயிற்று.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதியில் ஒரு குழந்தை பிறந்தால் அதன் கொப்பூழ்க்கொடியை ஒரு மரத்தடியில் புதைப்பார்கள். அன்றிலிருந்து அது அந்தக் குழந்தையின் மரம். அந்த மரத்தில் வேறு யாரும் படுக்க நேர்ந்தால் அடியில் நின்று, 'இது தொரயன் மரம், தொரயன் தூக்கத்தை நான் தொடமாட்டேன்' என்று சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். சொல்லாமல் ஏறினால் அவன் தூக்கம் இவனுக்கு வந்துவிடும். தூக்கம் யாருடையதோ விழிப்பும் அவருடையதுதானே. இதை ரிசார்ட்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை, மரத்தின் எண்ணைத்தான் கேட்டார்கள், அதைத் துறையே எழுதி வைத்திருந்தது.

அதன்பிறகு தினமும் காலையில் ஒற்றையடிப் பாதையில் செத்தவர்கள் இறங்கி வந்தார்கள். பெங்களூர்க் கம்ப்யூட்டர்காரர்களின் உடம்பிலும், புதுமணத் தம்பதிகளின் உடம்பிலும், ஒருமுறை ஓய்வுபெற்ற நீதிபதியின் பெருத்த உடம்பிலும் வந்து, தங்கள் பேரன் பேத்திகளைப் பார்த்து, யார் வீட்டில் என்ன குழம்பு என்று விசாரித்து, பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். செத்தவர் வருகிறார் என்றால் அழுகை வரும் என்று நினைப்பவர்கள் செத்தவர்களோடு குடித்தனம் நடத்தாதவர்கள். பாப்பியின் புருஷன் மணியன் நாவல் மரத்துக்காரன்; குடித்தே செத்தவன். சனிக்கிழமைதோறும் நாவல் மரத்துக்குக் கூட்டம் அதிகம், அதனால் சனிக்கிழமைதோறும் அவன் வெவ்வேறு உடம்பில் வந்து வாசலில் நின்று, "கஞ்சி ஊத்துடி" என்றான்.

"டாக்டரு உடம்புல வந்தாலும் வக்கீலு உடம்புல வந்தாலும் வாயி அதே வாயிதானக்கா" என்று பாப்பி மாசாணியிடம் சொன்னாள். "ஒரே ஒருக்கா ஒரு பேங்க்கம்மா உடம்புல வந்தான். அன்னிக்குத்தான் அந்த மனுசன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சான்."

விருந்தினர்களைத் திரும்பப் பெறும் வழியைக் கண்டுபிடித்தவன் ரிசார்ட் மேனேஜர் நவநீதன். சட்டையைச் சுருக்கமில்லாமல் போடுகிற, எதையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிடுகிற பையன். அறையைக் காலி செய்யும்போது ரசீதில் இருக்கும் பெயரை விருந்தினர் ஒருமுறை வாயால் படிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தன் சொந்தப் பெயர் தன் வாயிலிருந்து விழுந்த அந்த நொடியில் அவர்கள் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, கண்ணைக் கசக்கி, காபி எங்கே என்று கேட்பதை அவன் கவனித்துவிட்டான். அதன்பின் மதியத்தில் ஜீப்பை அனுப்பி, புதுவாழ்வு நகரில் சிதறிக் கிடக்கும் விருந்தினர்களைப் பொறுக்கிக்கொண்டு போய், ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்ல வைத்து ஊருக்கு அனுப்பினான். அவர்கள் போகும்போது பார்வையாளர் புத்தகத்தில், 'இங்கேதான் என்னை நான் கண்டெடுத்தேன்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். கண்டெடுத்தது வேறொருவரை என்று அவர்களிடம் சொல்ல நவநீதனுக்கு என்ன பைத்தியமா? அவன் பாப்பியிடம் வந்து மரத்துக்கு மரம் யாருடையது என்று பணிவாகக் கேட்டுக்கொண்டு போய், தேனெடுக்கும் வீரர் தொரயன், மருத்துவச்சி கெம்பம்மா என்று மரங்களில் பலகை மாட்டினான். கூட்டம் இரட்டிப்பாயிற்று.

துறைக்குத்தான் சங்கடம். விருந்தினர்கள் விடிந்ததும் கிழங்கு தோண்டினார்கள், மூங்கில் குருத்தை ஒடித்தார்கள், பாறைத் தேனுக்குப் புகை போட்டார்கள். இவையெல்லாம் பதி ஜனங்கள் செய்தால் குற்றம், ஆனால் செய்பவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் காவலர்களுக்குக் கை எழவில்லை. கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு விளக்கம் வந்தது: காலில் ஷூ இருந்தால் விருந்தினர், வெறுங்காலாக இருந்தால் அத்துமீறியவர். அந்த விளக்கத்தின்படி நீதிபதியை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து புதுவாழ்வு நகரில் இறக்கி, இனிமேல் காட்டுக்குள் வந்தால் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். மருத்துவச்சி கெம்பம்மாவாக இருந்த நீதிபதி, "இதையேதான்டா அன்னிக்கும் சொன்னீங்க" என்று மண்ணை வாரித் தூற்றினார்.

மாசாணி அழவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. வேங்கைப்பதி மறைந்தோர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினாள். தினமும் பகலில் புளியமரத்தடியில் பொதுக்குழு. விடுமுறை நாட்களில் நல்ல கூட்டம் வந்தது, பரீட்சைக் காலத்தில் கோரத்துக்கு ஆள் சேராமல் ஒத்திவைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் நிறைவேற்றிய தீர்மானத்தை மறுநாள் வேறு உடம்பில் வந்த அதே ஆட்கள் எதிர்த்தார்கள். அவள் பொறுத்துக்கொண்டாள். காரணம் அவளுக்கு ஆள் தேவைப்பட்டது.

பதியின் நிலத்தைத் திரும்பக் கேட்டு அவள் போட்டிருந்த மனு பல ஆண்டுகளாக மேசை மேசையாக நடந்து, இப்போது ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றிருந்தது. வேங்கைப்பதி என்று ஓர் ஊர் இருந்ததா? துறையின் வரைபடத்தில் இல்லை. இருந்தது என்றால், அங்கே பிறந்து இன்று உயிரோடு இருப்பவர் இருவர் வந்து சொல்ல வேண்டும். லாரி வந்தபோது சிறுமியாக இருந்தவள் மாசாணி. கூட ஏறியவர்களைச் சாராயமும், காசமும், நெடுஞ்சாலையும் ஒவ்வொருவராகக் கொண்டுபோயிருந்தன. பாப்பிகூட லாரிக்குப் பின்னால் கீழே வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான்; அங்கே பிறந்தவர்களில் மிச்சம் மாசாணி ஒருத்திதான். சரியான பக்கத்தைப் போலவே இதிலும்.

முதல் விசாரணைக்கு அவள் இரண்டாம் சாட்சியாக, மறுபடி வந்து வேங்கையில் படுத்த பல் டாக்டரின் உடம்பில் இருந்த தொரயன் மாமனைக் கூட்டிப் போனாள். விசாரணை அதிகாரி மரியாதை தெரிந்தவர், வெந்நீர்க் குடுவையும் கையுமாக வருகிறவர். ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"அம்மா, இவரு ஈரோட்டுல பிறந்திருக்காருங்க."

"உடம்பு ஈரோடு சார். ஆளு வேங்கைப்பதி."

"அந்த ஆளு இறந்துட்டாருன்னு நீங்களே சொல்றீங்க. இறந்தவங்க சாட்சி செல்லாது. உயிரோட இருக்கறவரு அங்க பிறக்கல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

"கொன்னதும் நீங்க. செத்தவன் சாட்சி செல்லாதுன்னு சொல்றதும் நீங்க."

"நான் போன வருசம்தானுங்கம்மா இந்தப் போஸ்டிங்குக்கு வந்தேன்" என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு.

இன்னும் ஒரே ஒரு விசாரணை பாக்கி இருந்தது. அதிலும் சாட்சி இல்லையென்றால் மனு தள்ளுபடி. தள்ளுபடி ஆன கையோடு ஆரண்யக் கூட்டின் குத்தகையை முப்பது ஆண்டுக்குப் புதுப்பிக்கக் கோப்பு தயாராக இருந்தது. மாசாணிக்கு முப்பது ஆண்டு கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் வேங்கைப்பதி என்று சொல்ல ஒரு நாக்கு கிடையாது என்பதும் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் நவநீதன் பாப்பியிடம் கடைசியாக ஒரு மரத்தைப் பற்றிக் கேட்டு வந்தான். ஓடைக்கு மேலே தனியாக நிற்கிற தான்றி மரம், காட்டிலேயே உயரமானது. பாப்பி வானத்தைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் வானத்தைப் பார்த்தார்கள். உயிரோடிருப்பவரின் மரத்தை வெளியாளிடம் காட்டுவது அவர் உயிர் இருக்கிற இடத்தைக் காட்டுவது. பதி ஜனங்கள் அடித்துக் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். "அது யாரோடதும் இல்லீங்க, சும்மா நிக்கிது" என்றாள் பாப்பி.

அதுதான் தப்பாய்ப் போனது. யாருடையதும் இல்லாத மரம் ஒன்று இருக்கிறது என்று கேட்டதும் கிரிதருக்கு மகிழ்ச்சி. விசாரணைக்கு முன்தினம் தானே ஏறிப் படுத்து, விடிந்ததும் தானாகவே இறங்கி வந்து, இங்கே விபரீதம் எதுவும் இல்லை என்று அதிகாரிக்குக் காட்ட அவருக்கு அப்படி ஒரு மரம்தான் வேண்டியிருந்தது. தான்றியின் மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய தளம் எழும்பியது. அடிமரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை முறுக்க முறுக்க, மாசாணிக்கு இடுப்பில் வலி கண்டது. அது என் மரம் என்று போய்ச் சொன்னால் வழக்கம் கெடும். சொல்லாவிட்டால் இடுப்பு போகும். அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். கிரிதர் உயரத்துக்குப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடிக்க ஏறி, எந்தப் பெயரையும் சொல்லாமல் படுத்தார்.

விசாரணை நாள் காலையில் மாசாணி வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு ஆண் குரல் கேட்டது.

"தோழர்களே! வஞ்சிக்கப்பட்ட என் அருமை மக்களே!"

மாசாணியின் கையில் குச்சி நின்றது. இழுவை அவளுடையது. 'வஞ்சிக்கப்பட்ட' என்ற இடத்தில் குரலை ஏற்றி 'மக்களே'யில் இறக்குவது அவளுடையது. யானைப் படம் போட்ட பைஜாமாவும் ஒதுக்கிய தாடியுமாகக் கிரிதர், மாசாணியைப் போலவே ஒரு காலைச் சற்றே சாய்த்து நடந்து, அவள் வாசலுக்கே வந்து நின்றார்.

"நீ யாரு?" என்றாள் மாசாணி.

"மாசாணி. நீ?"

"நான்தான் மாசாணி."

வந்தவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஆமாம், வந்தவள்தான், பதி ஜனங்கள் யாரும் அதன்பிறகு அந்த உடம்பை 'அவர்' என்று சொல்லவில்லை. "சரி. அப்போ பொதுச்செயலாளர் யாரு?" என்று கேட்டாள்.

"போச்சு போ" என்றாள் பாப்பி தன் வாசலிலிருந்து. "இத்தன காலம் ஒண்ணையே தாங்க முடியல."

சூரியன் புளியமரத்து உச்சிக்கு வருவதற்குள் சங்கம் உடைந்துவிட்டது. கிரிதரின் கைபேசி கிரிதரின் விரலுக்குத் திறந்தது. அதை வைத்து நவநீதனை வேலையை விட்டு நீக்கி, மரவீடுகளை இன்றைக்கே பிரித்துப் போடச் சொல்லி உத்தரவு போடலாம் என்றாள் புது மாசாணி. அது தனிநபர் சாகசம் என்றாள் பழைய மாசாணி. நீ கிழடாகி, பயந்து, மனு எழுதுகிற சீர்திருத்தவாதி ஆகிவிட்டாய் என்றாள் புதியவள். ஏசி உடம்பில் இருந்துகொண்டு எனக்கு வர்க்கம் சொல்லித் தருகிறாயா என்றாள் பழையவள். தெருவின் கிழக்கு வரிசை ஒருத்தியோடும் மேற்கு வரிசை மற்றவளோடும் சேர்ந்தது. இரண்டையும் இணைக்க ஒற்றுமைக் குழு ஒன்று அமைந்தது, அதுவும் உடைந்தது. அத்தனை ஆண்டுகளாக ஒரு ஆள்கூடச் சேராத இயக்கத்தில் அன்றைக்குத்தான் எல்லாரும் இருந்தார்கள்.

வளைவுக்கு வெளியே ஜீப் நின்றது. நவநீதன் முதல்முறையாகச் சுருங்கிய சட்டையோடு ஓடி வந்தான்.

"சார்! ஒரே ஒரு தடவை உங்க பேரைச் சொல்லுங்க சார்!"

"மாசாணி. உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சு தம்பி. சங்கத்துல சேர்ந்துக்க."

பாப்பி சிரித்த சிரிப்பில் தெரு முழுவதும் சிரித்தது. பழைய மாசாணி மட்டும் சிரிக்கவில்லை. நவநீதனின் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. அவள் புதியவளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"நமக்கு ரெண்டாவது சாட்சியே வேண்டாம்டி. எதிராளியே வந்து ஊர் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் சாட்சி எதுக்கு? குத்தகைக்காரன் உடம்பு, குத்தகைக்காரன் அட்டை, குத்தகைக்காரன் பெருவிரல். எல்லாம் உங்கிட்ட இருக்குது."

"அதைத்தான் நானும் யோசிச்சேன்."

"பொய் சொல்லாத."

"உனக்குத் தோணுனா எனக்கும் தோணத்தான செய்யும்!" என்றாள் புதியவள். பிறகு பைஜாமாவின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "ஆனா அதுக்கு அவன் பேரைச் சொல்லணும்" என்றாள்.

"ஆமா."

"சொன்னா நான் போயிருவேன்."

"ஆமா."

"சொல்லாட்டி?"

"செல்லாது."

ஒருத்தியின் மனசில் என்ன ஓடுகிறது என்று மற்றவளுக்குக் கேட்கத் தேவையில்லை. ஆயுள் முழுவதும் யாரையும் தலைவர் என்று கூப்பிடாதவள், எந்த முதலாளிக்கும் வணக்கம் சொல்லாதவள், ஒரு முதலாளியின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிவிட்டு இல்லாமல் போக வேண்டும். காட்டிக்கொடுத்தவன்கூடத் தன் பெயரை வைத்துக்கொண்டுதான் காட்டிக்கொடுக்கிறான்.

"போனா வலிக்குமா?"

"நீ எங்க போற? நான் இங்கதான் இருக்கேன்."

"அதான் கவலையா இருக்குது. நீ எல்லாத்தையும் இழுத்து இழுத்துப் பேசி கெடுத்துருவ."

சமுதாயக் கூடத்தில் ஜனங்கள் ஜன்னல் வரை நிறைந்திருந்தார்கள். அதிகாரி குடுவையிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த பைஜாமாவைப் பார்த்தார். குத்தகைதாரரே தானாக முன்வந்து வாக்குமூலம் கொடுக்கிறார் என்று பழைய மாசாணி சொன்னாள். அதிகாரி தலையசைத்துப் பேனாவைத் திறந்தார்.

"சரிங்க. மொதல்ல பேரு, தகப்பனார் பேரு, விலாசம்."

புதியவளின் வாய் திறந்தபடி நின்றது. நவநீதன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். "சொல்லுங்க சார், அவங்களே கேக்கறாங்க, சொல்லுங்க சார்" என்றான், அழாத குறையாக.

"நிறுத்துங்க!" என்று எழுந்தாள் பழைய மாசாணி. "பேரு கடைசியிலதான் வரணும்."

"பேருதாங்கம்மா மொதல்ல. அதுதான் முறை."

"எது சார் முறை? எங்களுக்கு நீங்க அனுப்புன அத்தனை நோட்டீஸையும் நான் எழுத்துக்கூட்டிப் படிச்சவ. வீட்டைக் காலி பண்ணு, விறகு எடுக்காத, ஆடு மேய்க்காதன்னு எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு, இப்படிக்குன்னு போட்டு, அதுக்கும் அடியிலதான சார் உங்க பேரு இருந்துச்சு? அடிச்சு முடிச்சிட்டுத்தான நீங்க யாருன்னு சொன்னீங்க? எங்களுக்கு மட்டும் என்ன தலைகீழா?"

கூடத்தில் ஆமாம் ஆமாம் என்று குரல் எழுந்தது. அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். தன் வாழ்நாளில் தானே எழுதிய கடிதங்களெல்லாம் அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். "சரி, எழுதி முடிச்சுக் கைநாட்டு வெச்சு, கடைசியில பேரோட படிச்சுக் காட்டட்டும். ஆனா பேரு வராம இதுக்கு மதிப்பு இல்லைங்க. சொல்லிட்டேன்."

"சார், எங்க சார் தூக்கத்துல இருக்காருங்க சார்!" என்று கத்தினான் நவநீதன். "தூக்கத்துல வெக்கிற கைநாட்டு எப்படிங்க செல்லும்?"

"லாரியில ஏத்துறதுக்கு முன்னால எங்காளுங்களுக்குச் சாராயத்தை ஊத்திவிட்டுக் கைநாட்டு வாங்குனாங்களே தம்பி, இன்னிக்கு வரைக்கும் செல்லுது" என்றாள் பாப்பி. அதிகாரிக்கு அந்தக் கோப்பு தெரியும். அவர் எழுதத் தொடங்கினார்.

புதியவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு வாக்கியம் முடிந்ததும் அவள் எழுந்து நின்று கையை உயர்த்தி, "ஏகாதிபத்தியத்தின் கொடுங்கரங்கள்" என்று ஆரம்பித்தாள். "அது வேண்டாம், சுருக்கமா" என்றாள் பழையவள். மாசாணியைச் சுருக்கமாகப் பேசச் சொல்லும் தைரியம் அதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை. அது எவ்வளவு அவமானம் என்பதும் அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். புதியவள் முறைத்துவிட்டு உட்கார்ந்தாள். அரைப் பக்கத்தில் முடிந்தது. கிரிதரின் பெருவிரல் மையில் தோய்ந்து தாளில் பதிந்தது. சாட்சிகளாகப் பாப்பி விரலை வைத்தாள், கிழக்கு வரிசையும் மேற்கு வரிசையும் வரிசையாக வந்து விரலை வைத்தன, மாசாணி கையெழுத்துப் போட்டாள்.

பிறகு புதியவள் தாளைக் கையில் வாங்கினாள். துண்டறிக்கை படிக்கிறவளைப் போல ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் வைத்து, கூடத்தின் கடைசி ஆளுக்கும் ஜன்னலுக்கு வெளியே நிற்பவனுக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நான் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்தில் வேங்கைப்பதி என்ற ஊர் இருந்தது. அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன, பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களின் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அந்த நிலம் அவர்களுடையது என்று மனமறிந்து ஒப்புக்கொள்கிறேன். என் குத்தகையை இன்றோடு விட்டுக்கொடுக்கிறேன், புதுப்பிக்கக் கேட்கமாட்டேன்.

அடுத்த வார்த்தையில் விரல் நின்றது.

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். ஒரு தேர்தலிலும் தனக்கு ஓட்டுப் போடாத, ஒரு ஊர்வலத்துக்கும் வராத, ஒரு கூட்டத்திலும் கடைசி வரை உட்காராத அந்த முகங்களை, பாப்பியின் முகத்தை, கூப்பிய கையை இறக்காமல் அதே சொல்லுக்காகக் காத்திருக்கும் நவநீதனின் முகத்தை, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கடைசியாகத் தன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கண்ணை மூடவில்லை.

"இப்படிக்கு" என்று படித்தாள் மாசாணி. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "திருமலைசாமி மகன் கிரிதர்."